பாட்டுக்குப் பட்டம் வந்த கதை

பிளஸ் டூ முடித்த ஒரு மாணவன் பி.காம். சேரலாம், இன்ஜினியரிங் சேரலாம், ஆசை இருந்தால் வாய்ப்பாட்டிலோ வீணையிலோ பி.ஏ. கூடச் சேரலாம். மூன்று வருடம் கல்லூரிக்குப் போய், தேர்வாளர்கள் முன்னால் உட்கார்ந்து ராகம் பாடி மார்க் வாங்கி, கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு பட்டமும் வாங்கலாம். இதெல்லாம் இன்று யாருக்கும் ஆச்சரியமாகத் தெரிவதில்லை. ஆனால் 130 வருடங்களுக்கு முன்னால் ஒரு சங்கீத வித்வானிடம் போய் "பாட்டில் டிகிரி வாங்கப் போகிறேன்" என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்!

இந்தியாவில் பாட்டுக்குப் பட்டம் வந்த கதை மூன்று கேள்விகளைச் சுற்றிச் சுழல்கிறது. பாட்டை யார் படிக்கலாம்? எதைப் படிக்க வேண்டும்? படித்து முடித்த பிறகு எப்படிப் பிழைப்பது? முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஓரளவு பதில் கிடைத்துவிட்டது. மூன்றாவது கேள்வியிடம் அந்தப் பள்ளிகளைத் தொடங்கியவர்களே தோற்றுப் போனார்கள். வீட்டில் "பாட்டு சோறு போடுமா?" என்று கேட்கும் அப்பாக்கள் இன்றும் கேட்பது அந்த மூன்றாவது கேள்வியைத்தான்.

குருவின் வீடு

பள்ளிகள் வருவதற்கு முன்னால் பாட்டு குருவின் வீட்டில்தான் இருந்தது. சிஷ்யன் அங்கேயே தங்குவான். தண்ணீர் இறைப்பான், கடைக்குப் போவான், குரு கச்சேரிக்குப் போனால் தம்புராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவான். கட்டணம் என்று எதுவும் கிடையாது, அவன் உழைப்புதான் கட்டணம். எப்போது பாடம் நடக்கும் என்பதும் குருவின் மனநிலையைப் பொறுத்தது. சில நாள் நான்கு மணி நேரம் நடக்கும், சில மாதம் ஒன்றுமே நடக்காது. ஆனால் குரு சாதகம் செய்வதைக் காலையிலும் மாலையிலும் கேட்டுக்கொண்டே இருப்பதால் பாட்டு அவன் காதுக்குள் தானாக இறங்கிவிடும்.

இந்த முறையில் மிகப் பெரிய வித்வான்கள் உருவானார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டின் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. வடக்கே கரானா என்ற குடும்ப மரபுகள் இருந்தன. அரிய பாடல்களை மகன், மருமகன் தவிர வெளியாருக்குச் சொல்லித் தராத உஸ்தாத்கள் இருந்தார்கள். மகளுக்குச் சீதனமாகப் பாடல்களையே கொடுத்ததாகக்கூடக் கதைகள் உண்டு. தெற்கேயும் சாதி, குடும்பம், ஆண் பெண் என்று பல வேலிகள் இருந்தன. சாதாரணக் குடும்பத்துப் பெண் ஒருத்தி தொழிலாகப் பாட்டுக் கற்றுக்கொள்வது என்பது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம்.

வித்வானுக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் ராஜாக்களும் ஜமீன்தார்களும் கோயில்களும். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ராஜாக்களின் கை சுருங்க ஆரம்பித்தது. அப்போதுதான் சிலர் வேறு வழி யோசித்தார்கள். பரோடாவில் மகாராஜா மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் ஆதரவில் மௌலா பக்ஷ் என்ற வித்வான் 1886ல் ஒரு இசைப் பள்ளியைத் தொடங்கினார். அதற்கும் ராஜாவின் கஜானாதான் பின்னணி. ராஜா இல்லாமல், பொதுமக்களை நம்பி ஒரு பள்ளி தொடங்க இன்னொருவர் வர வேண்டியிருந்தது.

லாகூரில் ஒரு பள்ளி

விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1872ல் மகாராஷ்டிரப் பகுதியில் உள்ள குருந்த்வாட் என்ற சிறிய சமஸ்தானத்தில் பிறந்தவர். சிறுவயதில் பட்டாசு வெடித்துக் கண்பார்வை பாதிக்கப்பட்டது. படிப்பு தொடர முடியவில்லை. பார்வை குறைந்த பையன் பாட்டாவது கற்றுக்கொள்ளட்டும் என்று மீரஜ் ஊரில் பாலகிருஷ்ணபுவா இசல்கரஞ்சிகர் என்ற பெரிய வித்வானிடம் சேர்த்துவிட்டார்கள். பழைய குருகுல முறையிலேயே பல வருடங்கள் கற்றார்.

மீரஜில் நடந்ததாக ஒரு சம்பவத்தை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ஊர்ப் பெரியவர்கள் கூடும் ஒரு நிகழ்ச்சிக்கு பலுஸ்கருக்கு அழைப்பு வந்தது. சமஸ்தானத்தின் ஆதரவில் இருந்த பையன் அல்லவா! ஆனால் அவருடைய குருவுக்கு அழைப்பு இல்லை. காரணம் கேட்டபோது, அவர் வெறும் பாட்டுக்காரர்தானே என்ற பதில் வந்ததாம். எத்தனை பெரிய வித்வானாக இருந்தாலும் சமூகத்தில் அவருக்கு மரியாதை இல்லை என்பது அந்த இளைஞனைச் சுட்டது.

1896ல் மீரஜை விட்டுக் கிளம்பினார். ஊர் ஊராகப் போனார். அரண்மனைக்குள் பாடுவதோடு நிற்காமல், சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்கள் முன்னாலும் பாடினார். கடைசியில் 1901 மே 5ஆம் தேதி லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயா என்ற பள்ளியைத் தொடங்கினார். கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் சேரலாம். நேர அட்டவணை, வகுப்புகள், பாடப் புத்தகங்கள், தேர்வுகள், சான்றிதழ்கள் எல்லாம் உண்டு. பெண்களுக்கும் வகுப்பு நடந்தது. சுரதாளக் குறிப்போடு பாடப் புத்தகங்களை அச்சடித்துத் தள்ளினார்.

"யார் படிக்கலாம்?" என்ற கேள்விக்கு பலுஸ்கர் சொன்ன பதில் "யார் வேண்டுமானாலும்" என்பதுதான். இன்று இது சாதாரணமாகத் தெரியலாம். அன்று இது ஒரு புரட்சி.

பள்ளியில் இன்னொரு பிரிவும் இருந்தது. ஏழை மாணவர்கள் சிலரைப் பள்ளியே சாப்பாடு போட்டுத் தங்கவைத்துப் பல வருடங்கள் பயிற்சி கொடுக்கும். அவர்கள் பதிலுக்கு ஆசிரியர்களாக வேலை செய்ய வேண்டும். கட்டணம் கட்டி வந்தவர்களில் பெரும்பாலோர் ஆசைக்குக் கற்றுக்கொண்டு போனார்கள். பெயர் சொல்லும் பாடகர்களும் ஆசிரியர்களும் குருவோடு தங்கிய கூட்டத்திலிருந்து வந்தார்கள். ஓம்கார்நாத் தாகூர், விநாயக்ராவ் பட்வர்தன், நாராயண்ராவ் வியாஸ் ஆகியோர் பலுஸ்கரின் சிஷ்யர்கள். அதாவது பள்ளிக்கு நடுவே ஒரு குருகுலம் ஒளிந்திருந்தது!

வக்கீல் எழுதிய பாடத்திட்டம்

இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடியவர் பாடகர் அல்ல, ஒரு வக்கீல். 1860ல் பம்பாயில் பிறந்த விஷ்ணு நாராயண் பாத்கண்டே சட்டம் படித்துத் தொழில் செய்தவர். மனைவியும் மகளும் இறந்த பிறகு வக்கீல் தொழிலை விட்டுவிட்டு முழுக்க முழுக்க இசை ஆராய்ச்சியில் இறங்கினார்.

அவருடைய பிரச்சினை இதுதான். ஒரே ராகத்தை ஒரு உஸ்தாத் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் பாடுகிறார். எது சரி? வகுப்பறையில் பாடம் நடத்த வேண்டும் என்றால் எல்லோருக்கும் பொதுவான ஒரு சிலபஸ் வேண்டுமே!

பதில் தேடி 1904ல் அவர் தமிழ்நாட்டுக்கு வந்தார். அந்தப் பயணத்தில் எட்டயபுரம் போய் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பத்தைச் சேர்ந்த சுப்பராம தீட்சிதரின் மாபெரும் நூலான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சானதும் அதே 1904ல்தான். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் வேங்கடமகி வகுத்த 72 மேளகர்த்தா முறை பாத்கண்டேயின் மனதில் ஆழமாகப் பதிந்தது. வடக்கே திரும்பிப் போய் இந்துஸ்தானி ராகங்களைப் பத்து 'தாட்'களுக்குள் அடக்கினார். இன்று வட இந்தியாவில் இசை படிக்கும் ஒவ்வொரு மாணவனும் முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்யும் அந்தப் பத்து தாட் முறைக்குத் தூண்டுதலில் ஒரு பங்கு தமிழ் மண்ணிலிருந்து போனது.

உஸ்தாத்களிடம் கேட்டுக் கேட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் குறிப்பெழுதிப் புத்தகங்களாக வெளியிட்டார். 1916ல் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாட்டை நடத்தினார். 1918ல் குவாலியரில் ஒரு இசைக் கல்லூரிக்கு வழி செய்தார். 1926ல் லக்னோவில் தொடங்கிய கல்லூரிதான் அவருடைய பெரிய கனவு. இந்திய இசையைக் காப்பாற்ற வந்த அந்தக் கல்லூரிக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? மாரிஸ் கல்லூரி! அப்போதைய ஆங்கிலேய கவர்னர் சர் வில்லியம் மாரிஸின் பெயர் அது. பின்னாளில் அது பாத்கண்டேயின் பெயருக்கு மாறியது. 2000ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும் ஆனது. சினிமாப் பாடகர் தலத் மெஹ்மூத் இங்கே படித்தவர்.

பாத்கண்டேயின் வேலையில் ஒரு கசப்பான பக்கமும் உண்டு. பாடல்கள் எல்லாம் உஸ்தாத்களின் வீடுகளிலிருந்து வந்தவை. ஆனால் அந்த உஸ்தாத்களுக்குச் சாஸ்திரம் தெரியாது, படிப்பு இல்லை என்ற குறை அவர் எழுத்தில் அடிக்கடி வரும். தலைமுறை தலைமுறையாகப் பாட்டைச் சுமந்து வந்தவர்கள், பாட்டு புத்தகத்துக்குள் போனதும் 'தகுதி இல்லாதவர்கள்' ஆகிவிட்டார்கள்.

உஸ்தாத்கள் மாற்றத்தை விரும்பாதவர்கள் என்று பொதுவாகச் சொல்வதும் சரியல்ல. கிரானா பாணியின் பெரும் பாடகர் அப்துல் கரீம் கான் 1913ல் பூனாவில் தானே ஒரு பள்ளியைத் தொடங்கினார். சாதி மதம் பாராமல் சிஷ்யர்களை வைத்துச் சோறு போட்டுச் சொல்லிக் கொடுத்தார். தெற்கத்திய சங்கீதத்தை விரும்பிக் கேட்டு, அதன் சுரம் பாடும் முறையைத் தன் பாட்டில் சேர்த்துக்கொண்டவர் அவர். 1937ல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில் உடல்நிலை மோசமாகி, சிங்கப்பெருமாள்கோவில் ரயில் நிலையத்தில் இறந்தார்.

தெற்கே நடந்தது

தெற்கில் இந்தக் காற்று கொஞ்சம் தாமதமாக வீசியது. ஆனால் வீசியபோது வேகமாகவே வீசியது. 1919ல் விஜயநகரம் மகாராஜா தன் ஊரில் ஒரு இசைக் கல்லூரியைத் தொடங்கினார். ஆதிபட்ல நாராயண தாஸ் முதல் முதல்வர், வயலின் மேதை துவாரம் வெங்கடசாமி நாயுடு அங்கே ஆசிரியராக இருந்து பிறகு முதல்வரானார். கண்டசாலா படித்தது அங்கேதான். மதுரையில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் ஒரு சங்கீத வித்யாலயம் நடத்தினார். மதுரை மணி ஐயர் அங்கே பாடம் கேட்டவர்.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து ஒரு இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து 1928ல் மியூசிக் அகாடமி பிறந்தது. அகாடமி 1931ல் இசை ஆசிரியர்களுக்கான ஒரு கல்லூரியைத் தொடங்கியது. பாடகர்களை அல்ல, ஆசிரியர்களை உருவாக்குவதுதான் அதன் நோக்கம். 1929ல் சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கினார். 1932ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத் துறை வந்தது. அதில் டைகர் வரதாச்சாரியார் இருந்தார், பிறகு பேராசிரியர் சாம்பமூர்த்தி வந்தார். சாம்பமூர்த்தியின் பாடப் புத்தகங்களைத் தொடாமல் கர்நாடக இசையில் தேர்வு எழுதியவர்கள் மிகக் குறைவு.

சிதம்பரத்தில்தான் இரண்டாவது கேள்வி பெரிய சண்டையாக வெடித்தது. தமிழ்நாட்டு மாணவன் தமிழ்நாட்டுக் கல்லூரியில் பெரும்பாலும் தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகளையே படிப்பதா? அண்ணாமலை செட்டியார் தமிழ்ப் பாடல்களுக்காகப் பணம் ஒதுக்கினார். 1941ல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு நடந்தது. 1943ல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. பாடத்திட்டம் என்பது வெறும் பாடத்திட்டம் இல்லை, அது யாருடைய பாட்டு என்ற கேள்வி என்பதை அந்தப் போராட்டம் காட்டியது.

1949ல் சென்னையில் மத்திய கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கியது. முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வர். இன்று சென்னையில் இருக்கும் அரசு இசைக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். வீணை தனம்மாளின் பேத்தி டி. பிருந்தா அங்கே பாடம் சொன்னார். தனம்மாளின் பேரன், புல்லாங்குழல் வித்வான் டி. விஸ்வநாதன் 1960களில் சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறைக்குத் தலைவராக இருந்தார், பிறகு அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் இருந்த பதங்களும் ஜாவளிகளும் இப்படிப் பல்கலைக்கழகம் வரை போயின. ஆனால் இசை வேளாளர் குடும்பங்களில் எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. பாட்டுக்கு 'மரியாதை' வந்தபோது, அதைக் காலம் காலமாகக் காப்பாற்றிய பெண்கள் பலர் மேடையை விட்டே மறைந்துபோனார்கள்.

கணக்கு இடித்த இடம்

சரி, மூன்றாவது கேள்வி?

பலுஸ்கர் 1908ல் பம்பாயில் பள்ளியைத் தொடங்கி, கடன் வாங்கிப் பெரிய கட்டிடம் கட்டினார். மாணவர் கட்டணமும் அவர் கச்சேரி வருமானமும்தான் வரவு. ஏழை மாணவர்களின் சாப்பாடு, ஆசிரியர் சம்பளம், அச்சகம், வட்டி எல்லாம் செலவு. வரவும் செலவும் ஒத்துப்போகவே இல்லை. 1920களில் கடன்காரர்கள் நெருக்க, கட்டிடம் ஏலத்துக்குப் போனது. அவர் நாசிக்குக்குப் போய் ராமபக்தியில் மூழ்கினார். 1931ல் மறைந்தார். இந்தியாவுக்கே இசைப் பள்ளி நடத்தக் கற்றுக்கொடுத்தவரால் தன் பள்ளியைக் காப்பாற்ற முடியவில்லை.

காரணம் எளிமையானது. பள்ளி பாடகர்களை உருவாக்கலாம், ஆனால் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் ராஜாவை உருவாக்க முடியாது. அந்த இடத்தை நிரப்பியது சபாக்கள், கிராமபோன், சினிமா, எல்லாவற்றுக்கும் மேலாக வானொலி. சென்னை வானொலி நிலையம் 1938ல் வந்தது. 1952ல் கேஸ்கர் மந்திரியான பிறகு அகில இந்திய வானொலி கலைஞர்களுக்குக் குரல் தேர்வு வைத்துத் தரம் பிரித்தது. தேர்வுக் குழுவின் தலைமையில் இருந்தவர் லக்னோ கல்லூரியின் முதல்வர் ரதன்ஜன்கர், பாத்கண்டேயின் சிஷ்யர். பேரும் புகழும் பெற்ற வித்வான்கள் "எங்களுக்கே பரீட்சையா?" என்று கொதித்தார்கள். ஆனால் காலப்போக்கில் 'ஏ கிரேடு' என்பது கல்லூரிப் பட்டத்தை விடப் பெரிய பட்டமாகிவிட்டது. கச்சேரி ஏற்பாடு செய்பவர்கள் கேட்டது பி.ஏ.வா எம்.ஏ.வா என்று அல்ல, ரேடியோவில் என்ன கிரேடு என்றுதான்.

கல்லூரிப் பட்டம் எங்கே சோறு போட்டது என்றால், பள்ளிக்கூடத்தில். பாட்டு டீச்சர் வேலைக்குப் பட்டமோ பட்டயமோ வேண்டும். கல்லூரி விரிவுரையாளர் ஆக வேண்டுமானால் மேற்படிப்பு வேண்டும். கச்சேரி மேடைக்கு இவை எதுவுமே தேவைப்படவில்லை.

ஒரே ஒரு மாணவன்

அப்படியென்றால் பட்டப்படிப்பிலிருந்து பெரிய பாடகர் உருவானதே இல்லையா? உருவானார். பாலக்காட்டுக்காரரான எம்.டி. ராமநாதன் விக்டோரியா கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர். பாட்டில் ஆசை கொண்டு சென்னைக்கு வந்தார். 1944ல் கலாக்ஷேத்ராவில் 'சங்கீத சிரோமணி' என்ற படிப்பு தொடங்கியபோது அதில் சேர்ந்தார். முதல் வருடத்து மாணவர் அவர் ஒருவர்தான் என்று சொல்வார்கள். ஆசிரியர் டைகர் வரதாச்சாரியார்.

அது காகிதத்தில் ஒரு கோர்ஸ். உண்மையில் அது பழைய குருகுலவாசம்தான். 1950ல் டைகர் மறையும் வரை ராமநாதன் அவரோடேயே இருந்தார், அவருக்குத் தம்புரா போட்டார், பின்பாட்டுப் பாடினார், அவர் பாணியைக் கேட்டுக் கேட்டு ஊறினார். பிறகு கலாக்ஷேத்ராவிலேயே பேராசிரியரானார். அந்த நிதானமான, ஆழமான குரலைக் கேட்டவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

ராமநாதனுக்குக் கிடைத்தது ஒரு நிறுவனத்தின் பாதுகாப்பும் ஒரு குருவின் முழு நேரமும். நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் ஐம்பது நிமிடப் பீரியடில் கீர்த்தனை சொல்லித்தரலாம், இலக்கணம் சொல்லித்தரலாம். ஆனால் மனோதர்மத்தை, அதாவது அந்த நேரத்தில் தானாகப் பாடத் தெரிவதை, அப்படிச் சொல்லித்தருவது கடினம். அதற்குக் குருவின் பக்கத்தில் வருடக்கணக்கில் இருக்க வேண்டும்.

இன்று

தமிழ்நாட்டில் இன்று சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. பல மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளிகள் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம் ஆகியவற்றில் மூன்று வருடப் பயிற்சி தருகின்றன. 2013ல் இசைக்கும் கவின்கலைகளுக்கும் தனிப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. பாட்டுக் குடும்பத்தில் பிறக்காத ஒரு விவசாயக் கூலியின் மகன் விண்ணப்பம் போட்டு நாதஸ்வரம் கற்றுக்கொள்ள முடிகிறது. அதற்கு அவன் யார் வீட்டிலும் தண்ணீர் இறைக்க வேண்டியதில்லை, யாருடைய சாதிக்கும் பயப்பட வேண்டியதில்லை. இது மட்டுமே போதும், அந்தப் பழைய பள்ளிகள் வீண் போகவில்லை என்று சொல்ல.

ஆனால் பட்டத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் சபா செயலாளர் வாசலில் காத்திருப்பார் என்று எதிர்பார்த்துச் சேருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். நூறு வருடக் கதை அதைத்தான் சொல்கிறது. பாட்டுக்காகப் பட்டம் படிக்க நினைப்பவர்கள் சேருவதற்கு முன்னால் கல்லூரிக் கட்டிடத்தையும் பட்டத்தின் பெயரையும் பார்ப்பதை விட இரண்டே விஷயங்களை விசாரிப்பது நல்லது. அங்கே சொல்லிக் கொடுக்கப் போவது யார்? அவரோடு தினமும் எத்தனை மணி நேரம் உட்கார முடியும்?